மகளிடம் என் கல்லூரிக் காதலைச் சொல்லலாமா?

குன்னூர்_தேயிலை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்கிறவள்தான், எழுதுறது இதுதான் முதல் தடவை. வெளியில யார்கிட்டயும் கேட்க முடியாத விஷயம்.

என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. 18 ஆக இன்னும் நாலு மாசம் இருக்கு. போன வாரம் ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னு, கரண்டியைத் துடைக்கிற மாதிரி துடைச்சுக்கிட்டே, "அம்மா, எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு, அப்பாகிட்ட இப்ப சொல்லாத"ன்னா. கூடப் படிச்ச பையன். அவன் இன்ஜினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போறான். இவளுக்கு மலையிலேயே படிக்கிறதா, கீழே போறதான்னு குழப்பம். நான் திட்டலை. "சாப்பிட்டுப் படு, பேசலாம்"னு மட்டும் சொன்னேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவளை நினைச்சு இல்லை, என்னை நினைச்சு.

1998-ல இருந்து 2001 வரைக்கும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில படிச்சேன். 1822-ல வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டின ஸ்டோன் ஹவுஸ் இருக்கிற வளாகம். எங்க வீட்ல காலேஜ் படி ஏறின முதல் ஆள் நான்தான். அப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. தோட்டத் தமிழர்களை ரெண்டு நாட்டுக்கும் பிரிச்சு, 1964-ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்துட்டு, கடைசியா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அம்மா இன்னிக்கும் லயம்னுதான் சொல்லும்.

காலேஜ்ல எனக்குப் பிடிச்சிருந்தவர் படுகர். எங்க எஸ்டேட்டுக்கு முந்தின ஸ்டாப்புதான் அவங்க ஹட்டி, அதாவது படுகர் ஊர். காலையில எல்லாருக்கும் ஒரே பஸ். நான் ஏறும்போது உட்கார இடம் இருக்காது. அவர் எழுந்து நிப்பார், நான் உட்காருவேன். முதல் வருஷம் பூரா அவ்வளவுதான் நடந்தது. பேர்கூடக் கேட்டுக்கலை.

ரெண்டாவது வருஷம் பேச ஆரம்பிச்சோம். சாயங்காலம் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கடையில ரெண்டு டீ, நாலு வர்க்கி, அந்த ஊட்டி பேக்கரி பிஸ்கட். அவர் வர்க்கியை டீயில முக்க மாட்டார், மொறுமொறுப்பு போயிடும்பார். எனக்கு முக்கினாத்தான் இறங்கும். அந்தத் துகள் இருக்கே, கம்பளி ஸ்வெட்டர்ல ஒட்டினா லேசுல போகாது. பஸ்ல வரும்போது ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துக்கிட்டே வருவேன், அம்மா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு. மூணு வருஷக் காதல்ல நான் அதிகமாச் செஞ்ச வேலை அதுதான்னு இப்பத் தோணுது.

அந்தச் சமயத்துலதான் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. அவங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அதை நம்பித்தான் வீடு. 2001-ல டிகிரி முடிச்ச கையோட அவர் திருப்பூர் போனார். என் தோழி விலாசத்துக்குப் பதினோரு கடுதாசி வந்தது. 2002 தீபாவளியோட நின்னு போச்சு.

சண்டை இல்லை, சாதிப் பேச்சு இல்லை, வீட்ல யாரும் அடிக்கலை. யாருக்கும் தெரியவே தெரியாது. அழறதுக்குக்கூட இடம் இல்லாத வீடு. ஒரு ரூம், ஒரு அடுப்படி, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேட்கும். கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு அம்மா கேட்டா விறகுப் புகைம்மான்னு சொல்லிடுவேன். ஒரு வருஷம் புகைதான்.

2005-ல கல்யாணம். வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அவருக்கு இந்தக் கதை தெரியாது.

இப்ப மகள் என்கிட்ட வந்து சொல்லிட்டா. நான் சொல்லாததை அவ சொல்லியிருக்கா. பதிலுக்கு நான் என் கதையைச் சொல்லணுமா, இல்லை அம்மாவா மட்டும் இருந்து புத்தி சொன்னாப் போதுமா?


மேட்டுப்பாளையம்_பாக்கு எழுதியது:

சகோதரி, சொல்லாதீங்க. மகளுக்கு இன்னிக்கு வேண்டியது தைரியம், உங்க பழைய கதை இல்லை. நாளைக்கு ஒரு கோபத்துல "நீ மட்டும் என்ன"ன்னு கேட்டுட்டா அந்த வார்த்தையை எங்கே கொண்டு போய் வைப்பீங்க? வீட்டுக்காரர் காதுக்குப் போனா அதுக்கு மேல. உங்க மனசுல இருக்கிறது உங்க மனசுலயே இருக்கட்டும்.


கேத்தி_பள்ளத்தாக்கு எழுதியது:

முதல்லயே சொல்லிடறேன், நான் அவர் இல்லை. எங்க ஊர் கேத்திப் பக்கம், கோத்தகிரி இல்லை. ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. ஏன்னா, கடுதாசியை நிறுத்தினவன்ல நானும் ஒருத்தன்.

எங்களுக்கும் தேயிலைதான். அப்பா காலத்துல உருளைக்கிழங்கு போட்டுக்கிட்டு இருந்த நிலத்தைத் தேயிலையா மாத்தினோம். தேயிலை ஒரு தடவை நட்டா தலைமுறைக்கும் நிக்கும்னு நம்பி மாத்தினது. விலை விழுந்தப்ப, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டலைன்னு சில தோட்டத்துல இலையைப் பறிக்காமலே விட்டாங்க. செடி இடுப்பைத் தாண்டி மரமா வளர்ந்து நின்னதை என் கண்ணால பார்த்தேன். அந்த ரெண்டு மூணு வருஷத்துல எங்க ஹட்டியில பசங்க பாதிப்பேர் கீழே இறங்கிட்டோம். கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல சேர்ந்தேன். ஒன்றரை ஷிப்ட். மலையில பிறந்தவனுக்கு அந்த வெக்கை என்னன்னு சொல்லி விளங்க வைக்க முடியாது. கம்பளி இல்லாமத் தூங்கி அறியாதவன், ஈரத் துண்டைப் போர்த்திக்கிட்டுத் தூங்கினேன். ரூம்ல எட்டுப் பேர். டிகிரி படிச்சவன்னு யார்கிட்டயும் சொல்லிக்கலை.

கடுதாசி எழுத உட்காருவேன். "நான் நலம்"னு எழுதின உடனே பேனா நிக்கும். நலம் இல்லை. அடுத்த மாசம் சம்பளம் கூடும், அப்ப எழுதலாம்னு நினைப்பேன். தீபாவளி போனஸ் வந்ததும் எழுதலாம்னு நினைப்பேன். இப்படியே ஒரு வருஷம். அவங்களை மறந்து நிறுத்தலைங்க. அவங்களுக்குச் சொல்ற மாதிரி ஒரு நல்ல சேதி கையில வந்ததும் எழுதலாம்னு தள்ளிப்போட்டேன், அந்தச் சேதி வர்றதுக்குள்ள அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. 21 வயசுல எனக்குத் தெரியாதது இதுதான்: எனக்கு வேலை சரியில்லை, பயமா இருக்குன்னு எழுதியிருந்தாலே போதும். அந்தப் பொண்ணு அதைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

உங்களோட அவர் ஏன் நிறுத்தினார்னு எனக்கு எப்படித் தெரியும். ஆனா மகள்கிட்ட நீங்க சொல்றதா இருந்தா இதையும் சேர்த்துச் சொல்லுங்க. கீழே போற பையன் ஒரு நாள் பேசாம இருந்தா, அவன் மாறிட்டான்னு உடனே முடிவு கட்ட வேண்டாம். என்னடா கஷ்டம்னு ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க. அந்தப் பையனுக்கும் யாராவது இதைச் சொல்லணும். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.


ஊட்டி_இருபது எழுதியது:

எனக்கு 20 வயசு, இங்கேதான் படிக்கிறேன். மகள் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமா ஆன்ட்டி?

உங்க காலத்துல கடுதாசி நின்னா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்னு நினைச்சு மனசைத் தேத்திக்கலாம். எங்களுக்கு அது இல்லை. அவன் ஆன்லைன்ல இருக்கான்னு தெரியும், நான் அனுப்பினதைப் பார்த்துட்டான்னு தெரியும், பதில் போடலைன்னும் தெரியும். மூணையும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுக்கிட்டு வகுப்புல உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கணும்.

எங்கம்மாவும் அவங்க கதையை ஒரு தடவை சொன்னாங்க. ஆனா "நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது, அதனால விட்டுடு"ன்னு முடிச்சாங்க. அன்னிக்கே நான் அவங்ககிட்டச் சொல்றதை நிறுத்திட்டேன். நீங்க சொல்லுங்க. ஆனா பாடமாச் சொல்லாதீங்க. அந்த வர்க்கித் துகளைப் பொறுக்கினதைச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி சொல்லுங்க. அதைக் கேட்டா எந்தப் பொண்ணும் பக்கத்துல வந்து உட்காரும்.


கறுப்பு_அங்கி எழுதியது:

வழக்குரைஞர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசைப் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு 18 முடியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. பையனுக்கும் அவள் வயதுதான், ஒன்றாகப் படித்தவர்கள்தான் என்றாலும் புகார் என்று ஒன்று பதிவானால் அவன் வாழ்க்கை நீதிமன்ற வாசலில் நிற்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கோபத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ காவல் நிலையத்துக்குப் போவார். ஒரு வாரத்தில் கோபம் ஆறிவிடும், வழக்கு ஆறாது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சொன்னது உண்மை. ஆனால் அது அந்த வழக்குக்குக் கிடைத்த நிவாரணம். சட்டத்தில் உள்ள வயது அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே அவள் உங்களிடம் வந்து சொன்னது உங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, அந்தப் பையனுக்கும் பாதுகாப்பு. அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். திருமணம் என்ற பேச்சே இப்போது வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இருவரும் படிக்கட்டும். வீட்டில் யாருக்கு முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நிதானமாக யோசியுங்கள்.


குன்னூர்_தேயிலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேத்தி அண்ணா எழுதினதை நாலு தடவை படிச்சேன். 22 வருஷமா நான் என்ன குறை வெச்சேன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்தக் கேள்வியை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைச்ச மாதிரி இருக்கு.

மேட்டுப்பாளையம் அண்ணா, நீங்க சொன்னதும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. மகளைவிட வீட்டுக்காரர்தான் எனக்குப் பயம். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் பயம்.


பூம்பாறை_பூண்டு எழுதியது:

அக்கா, நான் கொடைக்கானல் மேல்மலை. எனக்கு நேர் எதிர்க்கதை. கூடப் படிச்சவரையே கட்டிக்கிட்டேன்.

2006-ல குறிஞ்சி பூத்தப்ப நாங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மலைச்சரிவு பூரா ஊதாவா கிடந்ததை ஒரே கூட்டத்துல நின்னு பார்த்தோம். அப்புறம் அவர் பழநியில காலேஜ், நான் கொடைக்கானல்ல. அவர் சனிக்கிழமை பழநி பஸ் பிடிச்சுப் பெருமாள்மலை வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு வருவார். வந்து நிக்கும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இவரையே கட்டிக்கணும்னு முடிவு பண்ணினேன்.

கட்டினதுக்கப்புறம் வேற ஆளா இருந்தார். வேற ஆள்னா கெட்டவர் இல்லை. பூண்டு வெட்டி, காயப்போட்டு, மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டு போவார். விலை கிடைக்காத நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, பேசாமச் சாப்பிட்டுப் படுத்துக்குவார். பஸ் படியில தொங்கிக்கிட்டுச் சிரிச்ச பையன் எங்க போனான்னு முதல் ரெண்டு வருஷம் தேடிக்கிட்டே இருந்தேன். அவரும் என்னை அப்படித்தான் தேடியிருப்பார். சண்டை போட்டு நான் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருந்திருக்கேன். திரும்பிப் போனதுக்குக் காதல் காரணமில்லை. பூண்டு நடுற நேரம், ஆள் இல்லாம அவர் தனியாக் கஷ்டப்படுறார்னு கேள்விப்பட்டேன், போயிட்டேன். அங்கேயிருந்துதான் எங்களுக்குள்ள மறுபடி பேச்சு வந்தது.

2018-ல மறுபடி பூத்தப்ப மூணு வயசுப் பையனைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் போனோம். இவர் பூவைக் காட்டி அவன்கிட்ட என்னவோ சொல்லிக்கிட்டு நின்னார். எனக்கு மட்டும் அந்தப் பழைய பையன் ஒரு நிமிஷம் தெரிஞ்சார்.

நான் ஏன் இதை எழுதுறேன்னா, சேர்ந்தவங்களுக்கு எல்லாம் கிடைச்சிடுச்சு, சேராதவங்களுக்கு எல்லாம் போயிடுச்சுன்னு உங்க மகள் நினைச்சுடக் கூடாது. 18 வயசுல பார்த்த ஆள் 28-ல இருக்க மாட்டான். கட்டிக்கிட்டாலும் இல்லைன்னாலும்.


மேட்டுப்பாளையம்_பாக்கு எழுதியது:

எல்லாரும் சொல்லலாம்னு சொல்றீங்க. நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லிடறேன்.

என் அக்கா கல்யாணமான புதுசுல, மனசு சுத்தமா இருக்கணும்னு மாமாகிட்ட ஒரு பழைய விஷயத்தைச் சொல்லுச்சு. ஒண்ணுமே இல்லாத விஷயம். பத்தாவது படிக்கும்போது ஒரு பையன் கொடுத்த வாழ்த்து அட்டை. அந்த அட்டையை வெச்சுப் பதினஞ்சு வருஷம் அக்காவைக் குத்தினார். சாம்பார்ல உப்பு கூடினா அந்தப் பையன், போன் எடுக்க லேட் ஆனா அந்தப் பையன். எங்கப்பா சாகும்போதுகூட அக்காவால நாலு நாள் சேர்ந்து இருக்க முடியலை.

உங்க வீட்டுக்காரர் அப்படி இல்லைன்னா சந்தோஷம். ஆனா நல்ல மனுஷன்னு நாம எல்லாரையும்தான் நினைக்கிறோம். பதறித்தான் எழுதினேன், தப்பா நினைக்காதீங்க.


கூடலூர்_லயம் எழுதியது:

மேட்டுப்பாளையம் அண்ணா, அக்காவுக்கு நடந்தது பெரிய அநியாயம். நீங்க பயப்படுறது நியாயம்தான்.

குன்னூர் அக்கா, நானும் சிலோன்காரங்க வீட்டுப் பிள்ளைதான். எங்கம்மா எனக்கு அவங்க கதையைச் சொன்னது தோட்டத்துல, கொழுந்து பறிக்கும்போது. எனக்கு 19. லீவுல அம்மாவுக்கு ஒத்தாசையாப் போயிருந்தேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரை. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கை பாட்டுக்குப் பறிச்சுக்கிட்டே இருக்கும். "பதுளையில ஒருத்தர் இருந்தார், அவங்க குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைச்சுது, எங்களுக்கு இந்தியா கிடைச்சுது"ன்னு அம்மா சொல்லுச்சு. அவ்வளவுதான் கதை. ரெண்டு அரசாங்கம் பேப்பர்ல ஆளை எண்ணிப் பிரிச்சதுல அதுவும் பிரிஞ்சு போச்சு. சொல்லிட்டு, பை நிறைஞ்சிடுச்சு, எடை போட்டுட்டு வந்துடறேன்னு நடந்து போயிடுச்சு.

அதுக்கப்புறம் நான் அம்மாவை வேற மாதிரி பார்த்தேன். அம்மாவுக்கும் ஒரு காலத்துல 19 வயசுன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. குறைச்சலா நினைக்கவே இல்லை.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மகளுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. அம்மாவும் மகளும் அப்பாவுக்குத் தெரியாம ஒரு விஷயத்தைச் சுமந்தா, அது அந்தப் பிள்ளைக்குப் பாரம். அவ காதலையே சுமக்க முடியாம நிக்கிறா, உங்களோடதையும் தலையில வைக்காதீங்க. அவர்கிட்டச் சொல்ல முடியாதுன்னு தோணினா மகள்கிட்டயும் சொல்லாதீங்க. மேட்டுப்பாளையம் அண்ணா சொன்னதும் அப்பச் சரிதான்.


குன்னூர்_தேயிலை எழுதியது:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். கேட்டவங்களுக்குச் சொல்லணும்ல.

கூடலூர்த் தங்கச்சி சொன்னபடி முதல்ல அவர்கிட்டச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், மகள் டியூஷன் தோழி வீட்டுக்குப் போயிருந்தா. வெளியில தூறல். கேரட் கழுவி வெட்டிக்கிட்டு இருந்தோம். பஸ், சீட்டு, திருப்பூர், கடுதாசி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசலை. வெட்டின கேரட்டை எடுத்து வெச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, குடை எடுத்துக்கிட்டு வெளியே போனார். சாயங்காலம் வந்தார். ரெண்டு நாள் வேணும் வேண்டாம்கிறதைத் தவிரப் பேச்சு இல்லை. மேட்டுப்பாளையம் அண்ணா சொன்னது பலிச்சுடுச்சுன்னு நினைச்சேன். அந்த ரெண்டு நாளை நான் மறக்க மாட்டேன்.

மூணாம் நாள் காலையில டீ குடிக்கும்போது கேட்டார். "கல்யாணமாகி வந்தப்ப, வர்க்கி வாங்கிட்டு வந்தா நீ சாப்பிட மாட்டியே, அதுக்கு இதுதான் காரணமா?"

எனக்கே அது ஞாபகம் இல்லை. அவர் ஞாபகம் வெச்சிருக்கார். முதல் வருஷம் மூணு நாலு தடவை வாங்கிட்டு வந்தாராம், நான் தொடலையாம், எனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சு விட்டுட்டாராம். "அன்னிக்கே சொல்லியிருந்தா கஷ்டப்பட்டிருப்பேன். ஆனா இத்தனை வருஷம் தனியா வெச்சிருந்தியேங்கிறதுதான் தாங்கலை"ன்னார். அப்புறம் மகள் விஷயத்தைச் சொன்னேன். அதுக்கு அவர் கோபப்பட்டார், கொஞ்சம் சத்தம் போட்டார், அவகிட்ட இல்லை, என்கிட்ட. படிப்பு முடியட்டும், வீட்டுக்குத் தெரியாம எங்கேயும் போகக் கூடாது, அந்தப் பையனை ஒரு தடவை நான் பார்க்கணும்னார். வக்கீல் ஐயா சொன்ன வயசு விஷயத்தையும் எடுத்துச் சொன்னேன். அதுக்குத் தலையாட்டினார்.

மகள்கிட்ட ஊட்டி பஸ்ல சொன்னேன். காலேஜ் விண்ணப்பம் விஷயமாப் போனோம், ஜன்னல் பக்கம் அவ. அருவங்காடு தாண்டி ஆரம்பிச்சேன், லவ்டேல்கிட்ட வரும்போது முடிஞ்சது. பாடமாச் சொல்லலை. துகள் பொறுக்கினதைச் சொன்னப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அப்பாவுக்குத் தெரியுமா"ன்னு கேட்டா, தெரியும்னேன். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "அந்தக் கடை இன்னும் இருக்கா"ன்னா.

போய்ப் பார்த்தோம். இல்லை. அந்த இடத்துல செல்போன் கடை. ரெண்டு கடை தள்ளி இன்னொரு இடத்துல டீயும் வர்க்கியும் வாங்கினோம். நான் முக்கிச் சாப்பிட்டேன், அவ முக்காமச் சாப்பிட்டா. கேத்தி அண்ணா சொன்னதை அப்பத்தான் சொன்னேன், கீழே போற பையன் பேசாம இருந்தா என்ன கஷ்டம்னு கேளுன்னு. "அவன் இப்பவே சரியாப் பேச மாட்டேங்கறான்மா, சீட்டு கிடைச்சதுல இருந்து பயந்து போயிருக்கான்"னா. நான் எதுவும் சொல்லலை, அவ பேசட்டும்னு விட்டேன். அரை மணி நேரம் பேசினா. நாங்க வழக்கமா ஏறுற பஸ் போயிடுச்சு.

கிளம்பும்போது அவளே போய் அப்பாவுக்கு அரைக் கிலோ வர்க்கி கட்டச் சொன்னா.